முட்டைக்கோப்பியில் ஒரு மூடி பிராந்தி

பதினைந்து வருடங்களுக்கு முன்பு, நாங்கள் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் குடியிருந்தபோது நடந்தது. என் தங்கையின் கணவருக்குக் கட்டாரில் வேலை. முதல் பிள்ளை வயிற்றில் இருந்ததால் அவள் என்னோடு வந்து இருந்தாள். எதைத் தின்றாலும் சத்தி எடுப்பாள். ஆள் காய்ந்து கருவாடாகிவிட்டாள்.

எனக்கோ எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. தெம்பு வரட்டும் என்று தினமும் காலையில் முட்டைக்கோப்பி அடித்துக் கொடுத்தேன். எங்கள் வீடுகளில் முட்டைக்கோப்பி என்றால் அதில் ஒரு மூடி பிராந்தி விழும். முட்டையின் வெடுக்கு நாற்றமும் போகும், உடம்புக்கும் நல்லது என்பார்கள். துறைமுகத்தில் வேலை செய்த என் கணவர் கொண்டுவந்த போத்தல், அலுமாரியில் தைலம், மாத்திரைகளோடுதான் இருந்தது. அதை நாங்கள் குடிவகை என்று நினைத்ததே இல்லை. தங்கைக்கு அந்த மணமே ஆகாது. "வேண்டாம் அக்கா, தலை சுத்துது" என்பாள். மூக்கைப் பொத்திக்கொண்டு குடி என்று பக்கத்தில் நின்று குடிக்க வைப்பேன்.

ஏழாம் மாதம் கிளினிக்கில் மிட்வைஃப் வயிற்றை அளந்து பார்த்தா. பிள்ளையின் வளர்ச்சி காணாதாம். அவ சிங்களப் பெண், தமிழும் கதைப்பா. வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா என்று கேட்டா. இல்லை என்றோம். பிறகு தங்கையைப் பார்த்து, "நீங்க குடிக்கிறதா? கொஞ்சமாவது?" என்று கேட்டா.

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். எனக்கு வந்ததே ஒரு கோபம்.

"எங்கட வீட்டில பொம்பிளையள் குடிக்கிறேல்லை. ஆரைப் பாத்து என்ன கேக்கிறீங்கள்?" என்று நான் முந்திக்கொண்டேன். மிட்வைஃப் 'இல்லை' என்று அட்டையில் எழுதினா. வீட்டுக்கு வந்து, பிள்ளை வளரட்டும் என்று, ஒரு மூடியை இரண்டு மூடியாக்கினேன். பாவி நான்.

பெண் குழந்தை, ஒரு மாதம் முந்தியே பிறந்தாள். ஒன்றரைக் கிலோதான். எப்படியோ தப்பிவிட்டாள். ஆனால் நடக்கவும் சுணக்கம், பேசவும் சுணக்கம். ஐந்து வயதில் காட்டிய டொக்டரும் தங்கையிடம் அதே கேள்வியைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாளே தவிர, என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான்தான் அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை.

"அதாலதான் எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது அம்மா. இல்லையெண்டும் சொல்ல ஏலாது. பிள்ளை வயித்தில இருக்கேக்க ஒரு சொட்டும் குடுத்திருக்கக் கூடாது" என்றார்.

இப்போது அவளுக்குப் பதினாலு வயது. இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள். பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் பூட்டிவிட "பெரியம்மா" என்று என்னிடம்தான் ஓடி வருவாள். தங்கை இன்றுவரை என்னை ஒரு சொல் ஏசியதில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அன்றைக்கு அவள் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள், என் மானம்தான் பெரிதென்று நான் அதை அடைத்தேன் என்பது அந்தப் பொத்தான்களைப் பூட்டும் ஒவ்வொரு காலையும் என் நெஞ்சைச் சுடுகிறது.