வற்றாப்பளைக்கு ஒரு நைலோன் சட்டை

யாழ்ப்பாணத்தில் காலை ஆறரைக்கு பஸ் ஏறும்போது கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. ஆகவே நான் உடுத்தியிருந்தது எனக்குச் சரியாகவே பட்டது.

வைகாசி மாதம். வற்றாப்பளை அம்மனுக்கு என் மனைவி புவனம் வைத்த நேர்த்திக்கடனைத் தீர்க்கப் புறப்பட்டோம். முதல்நாள் மாலை அவள் என் பழைய வொயில் சட்டையைக் கதிரையில் எடுத்து வைத்தாள்.

"இதைப் போடுங்கோ. வன்னி வெக்கைக்குப் பருத்திதான் சுகமாம். மச்சான் எழுதியிருக்கிறார்."

மச்சான் என்பது தருமு. அவளுடைய தாய்மாமன் மகன், அவளைக் கட்ட உரிமைப்பட்டவன். அவனுக்கு வன்னியில் காணி கிடைத்தபோது, காட்டுக்குப் பெண் அனுப்பமாட்டேன் என்று மாமனார் மறுத்துவிட்டார். அந்த இடத்துக்கு நான் வந்தேன். என் உடம்புக்கு எது சுகம் என்று அவன் எழுதுவதா? கொழும்பிலிருந்து வருவித்த இளநீல நைலோன் சட்டையை வேட்டிக்கு மேல் மாட்டிக்கொண்டேன். கண்ணாடியில் நின்றவனைத் தருமு பார்க்கவேண்டும். தருமுவைப் பார்க்கும் புவனமும் பார்க்கவேண்டும்.

ஆனையிறவு தாண்டியதும் காற்று செத்தது. பரந்தன் சந்தியில் இறங்கி முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நின்றபோது வெயில் தோளில் ஏறி உட்கார்ந்தது. இருபத்தைந்து சதத்துக்குக் குடித்த சோடா முழுவதும் முதுகு வழியே வெளியேறியது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் முல்லைத்தீவில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர். தொளதொளத்த வெள்ளைச் சட்டைக்குள் நிலா மாதிரிக் குளிர்ந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா, உங்கடை சேட்டுக்குள்ளை மட்டும் மழையோ?"

புவனம் யன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். இருபுறமும் பாலை மரங்கள் பழுத்து மஞ்சளாய்க் கிடந்தன. முப்பது மைல் காடு. என் கண்ணில் ஒரு மரமும் நிற்கவில்லை. நைலோன் மயிலிறகு போல மினுங்கும், ஆனால் மூச்சு விடாது. அதற்குள் இருப்பவனையும் விடாது.

பத்தரைக்கு முள்ளியவளை. தருமு மாட்டுவண்டியோடு காத்து நின்றான். கழுவிக் கழுவி மெலிந்த பருத்திச் சட்டை, தலையில் நனைத்த துவாய். ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"வாங்கோ அண்ணை. வாரும் மச்சாள், மெலிஞ்சு போனீர்."

மெலிந்திருக்கிறாளா? எனக்குத் தெரியாமல் போயிற்றே. வண்டி போன வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு போனேன்.

வற்றாப்பளைக் கோயில் வாசலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அறியாதவனா நான்? நினைவு தெரிந்த நாளிலிருந்து மேலுடம்பு வெறுமையாகத்தான் கோயிலுக்குள் போகிறேன். இருந்தும் கோயிலுக்கென்று ஒரு சட்டையைத் தேர்ந்து மினுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அது தோலோடு ஒட்டி வர மறுத்தது. தருமுதான் பின்னால் நின்று உரித்தெடுத்தான்.

"ஐயோ அண்ணை, முதுகெல்லாம் வேர்க்குரு."

அவன் உடம்போ பாலை மரத்தின் வைரம். புவனம் கைகூப்பிக் கண்மூடி நின்றாள். கண் திறக்கும்போது எந்தப் பக்கம் பார்ப்பாள் என்று நான் காத்திருந்தேன். அம்மனுக்குத் தீபம் காட்டியதைப் பார்க்கவில்லை. அவள் கண் திறந்தாள். திருநீற்றை எடுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் கடந்து போனாள்.

வெளியே வந்து மரநிழலில் தருமு தன் பருத்திச் சட்டையை என்னிடம் நீட்டினான்.

"இதைப் போடுங்கோ, எரிவு குறையும். உங்கடையை நான் ஒருக்காப் போட்டுப் பாக்கட்டே? நைலோன் நான் தொட்டதே இல்லை."

உள்ளே போகுமுன் நிழலில் விரித்துவிட்டுப் போன நைலோன் காய்ந்திருந்தது. அவன் சட்டை என் மேல் இறங்கியது. நந்திக்கடல் காற்று ஒவ்வோர் இழையாய் நுழைந்து முதுகைத் தடவியது. என் உடம்பு வெட்கமில்லாமல் அவன் பக்கம் சேர்ந்துகொண்டது. நிமிர்ந்தேன். நைலோன் அந்த அகன்ற தோளில், அவனுக்கென்றே நெய்தது போல் நின்றது.

"எப்பிடி மச்சாள், வடிவோ?"

புவனம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கழட்டுங்கோ மச்சான்," என்றாள். "அது இவர் போட்டாத்தான் வடிவு."

தருமு சிரித்தான். "அப்ப உம்மடை ஆளையே போடச் சொல்லும்."

"இஞ்சை தாரும்," என்று கை நீட்டினேன்.

"இந்த வேர்க்குருவோடையோ? விசரே உங்களுக்கு? இதோடையே வாங்கோ, பிறகு அனுப்பலாம்," என்றாள் புவனம்.

"எனக்கு ஒண்டுமில்லை," என்று நைலோனை மாட்டிக் கழுத்துவரை பொத்தான் பூட்டினேன்.

மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம். தகரக் கூரை கொதித்தது. புவனம் முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தாள். வைகாசியில் வன்னிக்குப் போகிறவர்கள் பழைய பருத்திச் சட்டை ஒன்றையே எடுத்துச் செல்லுங்கள். நைலோன் அந்த வெயிலுக்கு ஆகவே ஆகாது. நான் பரந்தன் வரை முப்பது மைலும் மேற்பொத்தானைக்கூடக் கழற்றாமல் வந்தேன்.