எப்போதும் அனுமதி

பாண்டீஸ்வரி வேலைக்குச் சேர்ந்தபோது போனை எடுத்துப் பேசுவது மட்டும்தான் அவள் வேலையாக இருந்தது. அவள் முதலாளி சிவக்குமார் நாகமலை புதுக்கோட்டையில் பட்டறை வைத்து, கிணற்று மோட்டாருக்கான ஸ்டார்ட்டர் பெட்டிகளைச் செய்து விற்றுவந்தார். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். வீட்டில் உட்கார்ந்தபடி செல்போனைத் தொட்டால் தோட்டத்தில் மோட்டார் ஓடும். கரண்டு வந்தாலும் போனாலும் போனுக்குச் செய்தி வரும். கருமாத்தூர், செக்கானூரணி, மேலக்கால் என்று மேற்கே பல ஊர்களில் விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் அந்தப் பெட்டியை நம்பி நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அதற்கான ஆப்பை எழுதிக்கொடுத்தவர் ஜினோ. பிறகு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆப்பை முறைப்படி எங்கும் பதிந்திருக்கவில்லை. வாட்ஸப்பில் அனுப்பி, வாங்குகிறவர் போனில் நேரடியாகப் போட்டுக்கொடுப்பதே வழக்கம்.

அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, போன்களுக்கென்று ஒரு புது விதி வரும்வரை. அதன்பிறகு யார் புது போன் வாங்கினாலும், ஆப்பைப் போடும்போது ஒரு கட்டம் வந்து மறித்தது. இதை உருவாக்கியவர் யாரென்று சரிபார்க்கப்படவில்லை, நிறுவ முடியாது என்றது. பாண்டீஸ்வரியின் போன் காலையில் அடிக்கத் தொடங்கினால் சாப்பிடக்கூட விடாது. போனில் சொல்லிப் புரியவைக்க முடியாதவர்கள் வீட்டுக்கு அவளே வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. புருஷன் அழகுபாண்டி லாரியில் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டான். வெயிலில் அலைந்துவிட்டு வந்து, சோறு வடிக்கும்போது அவளுக்குத் தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கும்.

ஒருமுறை போனால் முடிகிற வேலையாகவும் அது இல்லை. போனின் உள்ளே போய்ப் பூட்டியிருக்கும் ஒரு பகுதியைத் திறக்க வேண்டும். போனை அணைத்துப் போட்ட பிறகு ஒரு நாள் முழுக்கப் பொறுத்திருக்கச் சொல்லும். அவசரப்படுத்தி ஏமாற்றுகிறவர்களுக்காக வைத்த தடை அது. மறுநாள் திரும்பிப் போனால், சரிபார்க்கப்படாத ஆப்புகளை ஏழு நாள் மட்டும் விடலாமா, எப்போதும் விடலாமா என்று கேட்கும். ஏழு நாள் என்று வைத்தால், அடுத்து ஆப்பில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் மூன்றாவது தடவை போக வேண்டும். பாண்டீஸ்வரி 'எப்போதும்' என்பதையே அமுக்கினாள். எல்லார் போனிலும் அப்படியே செய்தாள்.

கொடிமங்கலத்துக்கு வெளியே மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த ரெங்கம்மாள் வீட்டுக்கும் போனாள். அவர் புருஷன் காசிமாயனுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தோட்டமும் மோட்டாரும் ரெங்கம்மாள் பொறுப்பு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் வந்ததையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"என்ன தாயி இது, யாராச்சும் ஒங்கள வற்புறுத்துறாகளான்னு கேக்குது?"

"அது எல்லாருக்கும் கேக்கும் அத்தை. இல்லைன்னு அமுக்குங்க."

"ஆபத்துன்னு வேற போட்ருக்கு."

"அதுவும் எல்லாருக்கும் வரும். அமுக்கிட்டுப் போயிட்டே இருங்க."

ரெங்கம்மாள் அமுக்கினார். தூரத்தில் மோட்டார் உறுமியது. காசிமாயன் கட்டிலில் படுத்தபடி சிரித்தார். பாண்டீஸ்வரிக்கு மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த சமயம் ரெங்கம்மாளிடமிருந்து போன் வந்தது.

"தாயி, பெட்டியில எதுவும் கோளாறா? பேங்குல இருந்த காசு பூராம் போயிருச்சு."

பாண்டீஸ்வரி போட்டது போட்டபடி கிளம்பினாள். ரெங்கம்மாளின் போனை வாங்கிப் பார்த்தபோது காரணம் உடனே தெரிந்துவிட்டது. மோட்டார் ஆப்புக்குப் பக்கத்திலேயே கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் இன்னொன்று இருந்தது. தெரிந்த உறவுக்காரர் எண்ணிலிருந்து வந்திருக்கிறது. யார் வீட்டுக் கல்யாணமோ என்று ரெங்கம்மாள் திறந்திருக்கிறார். அது போனுக்குள் உட்கார்ந்துகொண்டு பேங்கிலிருந்து வரும் ரகசிய எண்களைப் படித்து வெளியே அனுப்பியிருக்கிறது. போனது, மல்லிகை சீசன் முழுக்கப் பறித்து மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு அனுப்பிய பூவின் பணம்.

"ஆபத்துன்னு எதுவும் வரலையா அத்தை?"

"வந்துச்சு. எல்லாருக்கும் வரும்னு நீ சொன்னீல்ல தாயி? அதான் அமுக்கிட்டுப் போயிட்டேன்."

குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அந்தத் தொனியே பாண்டீஸ்வரிக்குத் தாங்க முடியாததாக இருந்தது. திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள்.

அவளே முன்னின்று சைபர் கிரைம் எண்ணுக்குப் பேசினாள். பேங்குக்கும் போலீசுக்கும் ரெங்கம்மாளை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனாள். புகாரை வாங்கிக்கொண்டார்கள். கொஞ்சத்தைத் தடுத்து நிறுத்தியிருப்பதாகவும் மிச்சம் எங்கெங்கோ பிரிந்து போய்விட்டதாகவும் சொன்னார்கள்.

மறுநாள் பட்டறையில் சிவக்குமாரிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"அண்ணே, இனிமே நான் யார் போன்லயும் அந்தக் கதவத் தெறந்துவிட மாட்டேன். ஒங்க பேர முறையாப் பதிஞ்சுருங்க."

"பதியாமலா இருக்கேன்? மூணு தடவ அனுப்பியாச்சு. பேரு பொருந்தலைன்னு திருப்பித் திருப்பி அனுப்புறான்."

அது உண்மைதான். ஆதாரில் சிவக்குமார் என்ற பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக முன்னால் வந்து, கருத்தக்கண்ணன் சிவக்குமார் என்று இருந்தது. பதிகிற இடத்தில் குடும்பப் பெயர் தனியாகக் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர் என்று முதல் தடவை ஊர்ப் பெயரைப் போட்டிருந்தார். அடுத்த தடவை ஒரு புள்ளியை மட்டும் வைத்து அனுப்பியிருந்தார்.

"முதல்ல ரெண்டு கார்டுலயும் பேர ஒண்ணாக்கணும்ணே. நானே கூட வாரேன்."

"வேலையப் போட்டுட்டு அங்க போயி உக்காரவா?"

"ரெங்கம்மா அத்தை போலீஸ் ஸ்டேசன்ல உக்காந்திருந்தாக அண்ணே."

சிவக்குமார் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

ஆதார் மையத்தில் ஒரு நாள் சர்வர் இல்லை. இன்னொரு நாள் ரேகை விழவில்லை. இரும்பைப் பிடித்துப் பிடித்து அவர் விரல் தேய்ந்திருந்தது. பெயர் திருத்தம் வந்துசேர்வதற்குள் மழைக்காலம் பிறந்துவிட்டது. ஆப் தன்னுடையதுதான் என்று காட்ட, அதை எழுதும்போது முத்திரைபோல் வைத்த சாவிக் கோப்பும் வேண்டும் என்று பதிகிற இடத்தில் கேட்டார்கள். பாண்டீஸ்வரி ஓசூருக்குப் பேசினாள். ஜினோ விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது பழைய லேப்டாப்பில் தேடி எடுத்து அனுப்பினார். நான்காவது தடவை பதிவு ஏற்கப்பட்டது. அன்று பட்டறையில் ஒரு புது போனில் ஆப்பைப் போட்டுப் பார்த்தார்கள். மறுக்காமல் உட்கார்ந்தது. சிவக்குமார் டீ வாங்கிவரச் சொன்னார். பாண்டீஸ்வரிக்கு மகிழ்ச்சி என்று ஒன்றும் வரவில்லை. இனி போனைத் திறந்துவிட்ட வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய் மூட வேண்டும் என்பதுதான் மனதில் ஓடியது.

போனாள். சிலர் உடனே போனைக் கொடுத்தார்கள். செக்கானூரணியில் ஒருவர், "தெறந்ததும் நீயி, மூடுறதும் நீயி. எங்களப் பாத்தா எப்பிடித் தெரியுது?" என்று கேட்டார். "தெரியாமச் செஞ்சுட்டேண்ணே" என்று சொல்லிவிட்டு அமைப்பை மாற்றிக் கொடுத்தாள். இனிமேல் ஆபத்து என்று வந்தால் நின்று படிக்க வேண்டும், நானே சொன்னாலும் அமுக்கக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே அந்த வார்த்தைகள் சலித்துப்போயின.

கொடிமங்கலத்துக்கு ஒரு மத்தியானம் போனாள். ரெங்கம்மாள் பழைய பட்டன் போன் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார். பெரிய போன் பீரோவுக்குள் அணைந்து கிடந்தது. எடுத்துக் கொடுத்தார். பாண்டீஸ்வரி அதைச் சார்ஜில் போட்டு, வேண்டாததை அழித்து, திறந்ததை மூடினாள்.

"மோட்டார் ஆப்ப திரும்பப் போட்டுத் தரவா அத்தை? இப்ப எந்தத் தடையும் சொல்லாது. முறையாப் பதிஞ்சாச்சு."

"வேணாம் தாயி. நான் நடந்தே போயிப் போட்டுக்கிறேன்."

"ராத்திரியில பாம்பு பூச்சி கெடக்கும்ல?"

"கெடக்கட்டும். எங்க மிதிக்கோம்னு கண்ணால பாத்துக்கிருவேன்."

பாண்டீஸ்வரி கருவிப் பையை எடுத்துக்கொண்டாள். தோட்டத்துக்குப் போய், பெட்டியைக் கையால் போடுகிற மாதிரி மாற்றிவைத்தாள். ரெங்கம்மாள் ஒருமுறை போட்டு, நிறுத்திப் பார்த்துக்கொண்டார். தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது.

"சாப்ட்டுப் போ தாயி" என்றார்.

"இருக்கட்டும் அத்தை."

மேலக்காலில் இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது. வெயில் இறங்கியதும் போகலாமா என்று நினைத்தாள். இறங்கிவிட்டால் வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள், தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.