மெஸ் விளம்பரத்தில் மூன்று தவறுகள்

தீபாவளியன்று பகல் ஒன்றேகால் மணிக்கு நான் முதலில் பார்த்தது நான்கு காலி பெஞ்சுகளை. நாற்பது பேருக்கு வடித்த சோறு அண்டாவில் ஆறிக்கொண்டிருந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு எதிரில் அத்தை மெஸ் நடத்தினாள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இரும்பாலை வேலைக்கு வந்தவர்கள்தான் அங்கே சாப்பிட்டார்கள். பண்டிகைக்கு மற்ற கடைகள் மூடிவிடும். அதனால் அத்தை முந்தின நாளே ஒரு சார்ட் தாளில் ஆங்கிலத்தில் விளம்பரம் எழுதி, அவர்கள் தங்கியிருந்த லைன் வீட்டுச் சுவரில் என்னை ஒட்டிவரச் சொன்னாள். ‘தீவாளி டே ஆல்சோ மெஸ் இஸ் தேர். கம் ஈட். ஸ்வீட் ஃப்ரீ.’

நான் ஐந்தாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். மூன்று தவறுகளை எண்ணினேன். குடும்ப மானம் என் கையில் இருப்பதாகப் பட்டது. தாளைத் திருப்பி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ‘வீ வில் நாட் பீ க்ளோஸ்டு ஃபார் தீபாவளி’ என்று தொடங்கி ஒரு நீண்ட வாக்கியம் எழுதினேன். தீபாவளிக்கு மூட மாட்டோம் என்று பொருள். இலக்கணம் சுத்தம். ஒட்டிவிட்டு வந்தேன்.

ஒன்றரைக்கு ஒடிசாக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். கையில் பிரெட் பாக்கெட்.

“அக்கா, மெஸ் ஓப்பனா?”

“இன்னா தம்பி இப்பிடி கேக்குற? சோத்த வடிச்சி வெச்சிக்கினு குந்தினுகீறேன், ஒருத்தனையும் காணோம்.”

“பேப்பர்ல க்ளோஸ் இருக்கு அக்கா. எல்லாரும் பிரெட் சாப்ட்டாச்சு.”

அத்தை என் பக்கம் திரும்பினாள். “இன்னாடி எழுதன?”

“கரெக்டாதான் எழுதனேன். அவுங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியல.”

“ஆமாண்டி, உனக்குத்தான் தெரியுது. நாப்பது பேரு சோத்தையும் நீயே துன்னு.”

அவர் போய்ச் சொல்லி ஒன்பது பேர் வந்தார்கள். அத்தைக்காக, கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டார்கள். மீதியை அவள் சாயங்காலம் மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். அப்போதும் நான் என் வாக்கியத்தை மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தவறு ஒன்றும் கிடைக்கவில்லை. அத்தையும் அவர்களும் பல வருடங்களாக அந்த மூன்று தவறுகளை வைத்துக்கொண்டுதான் பேசிப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பது அன்று எனக்குத் தெரியாது.

பொங்கலுக்கு அத்தை மறுபடியும் எழுதிக் கொடுத்தாள். தீவாளி இருந்த இடத்தில் பொங்கல். வேறு மாற்றம் இல்லை. அப்படியே ஒட்டினேன். அன்று ஒன்றேகால் மணிக்குப் பெஞ்சில் இடமில்லை.