பின்னாலேயே போன டிராக்டர்

மார்லிஸ் ஜாடினுக்கு எதையும் பாதியில் விட மனசு வராது. பொறுமையும் கிடையாது. இந்த இரண்டு குணமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள, கீவானி என்ற ஏரிக்கரை ஊருக்கு வெளியே ஏரிச் சாலையில் இருக்கும் அவள் வீட்டு கேரேஜைப் போய்ப் பார்த்தால் போதும். கார் நிற்க வேண்டிய இடத்தில் அறுபதுகளில் செய்த தோட்டத்து டிராக்டர்கள் நிற்கும். புல் வெட்டவும், காய்கறிப் பாத்தியை உழவும், குளிர்காலத்தில் பனி தள்ளவும் வீட்டுக்காரர்கள் வைத்துக்கொள்கிற குட்டி டிராக்டர்கள்தான். ஒன்றுக்கு என்ஜின் இருக்காது, ஒன்றுக்குச் சக்கரம் இருக்காது. ஆனால் கலப்பை, புல்வெட்டி, பனி தள்ளும் பிளேடு எல்லாம் பெயின்ட் அடித்துப் பளபளவென்று சுவரில் தொங்கும். அவளும் அவள் கணவன் நார்பர்ட்டும் கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

வேலையை இருவரும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ஜினும் பெயின்டும் மார்லிஸுடையது. கியர் பெட்டியும் பின் அச்சும் நார்பர்ட்டுடையது. ஒருவர் பக்கம் இன்னொருவர் ஸ்பானரை நீட்டினால் அன்றைக்கு வீட்டில் சண்டை நிச்சயம். கோடைக்காலக் கண்காட்சிக்கு ஒரே டிரெய்லரில் டிராக்டரை ஏற்றிக்கொண்டு போய், வழியெல்லாம் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே வருவார்கள். அந்தத் திட்டில்தான் அவர்கள் குடித்தனம் ஓடியது.

இலையுதிர்காலத்தில் நார்பர்ட்டுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள் டாக்டர்கள். மார்லிஸ் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருவாள். எது கேட்டாலும் “ம்” என்பான், இல்லாவிட்டால் தலையை ஆட்டுவான். பேருந்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த அந்நியரைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்ப்பான். ஒரு வார்த்தை திட்டாத அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. உள்ளே இருப்பது தன் நார்பர்ட்தானா என்று யாரிடம் போய்க் கேட்பது?

வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. அவன் பிரித்துப் போட்டிருந்த சிவப்பு டிராக்டரின் பின் அச்சை அவளே எடுத்துச் செய்தாள். கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தையும் மற்றவற்றையும் கழுவி மாட்டி, புது பேரிங் போட்டு, எண்ணெய் ஊற்றி மூடினாள். டிராக்டரை ஜாக்கியில் தூக்கி வைத்து, கியர் போட்டுச் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்த்தாள். நன்றாகவே சுற்றியது. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

நார்பர்ட் வீட்டுக்கு வரும் நாளன்று காலையில் ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. பஞ்சுபோன்ற பனி இல்லை, ஈரப் பனி. ஒரு மண்வாரி தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். சாலையில் பனி தள்ளும் வண்டி வந்து போனது. போகிற போக்கில் வீட்டுப் பாதையின் வாயில் இடுப்பளவுக்கு ஒரு பனிச் சுவரையும் கட்டிவிட்டுப் போனது. ஆஸ்பத்திரி வேன் ஓட்டுகிறவர் போன் செய்தார்.

“அம்மா, மத்தியானத்துக்குள்ள வாசல் வரைக்கும் வண்டி வரணும். சக்கர நாற்காலிய பனியில உருட்ட முடியாது. வழி இல்லேன்னா அவர ஸ்டர்ஜன் பே முதியோர் இல்லத்துல இறக்கிடச் சொல்லிருக்காங்க.”

“எத்தன நாளைக்கு?”

“அது எனக்குத் தெரியாதும்மா.”

மார்லிஸுக்குத் தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில் அந்த இல்லத்தின் வாசலைத் தினமும் கடந்தவள் அவள். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை. போனை வைத்துவிட்டு கேரேஜுக்கு ஓடினாள்.

ஓடுகிற டிராக்டர் அந்தச் சிவப்பு ஒன்றுதான். சக்கரங்களில் சங்கிலி மாட்டி, முன்னால் பிளேடு பூட்டி, ஏறி உட்கார்ந்து முதல் கியர் போட்டு கிளட்ச்சை விட்டாள். டிராக்டர் பின்னால் பாய்ந்து, சுவரோரம் அடுக்கியிருந்த விறகு முழுவதையும் சாய்த்துவிட்டு நின்றது. ரிவர்ஸ் போட்டாள். முன்னால் போனது. 

அந்த நேரம் பார்த்து அடுத்த பண்ணைக்காரன் வெண்டெல் லக்ரேவ் முழங்காலளவு பனியில் நடந்து வந்து சேர்ந்தான்.

“என்ன மார்லிஸ், விறகு மேல அவ்ளோ கோவமா?”

“வாய மூடு. உன் பிக்கப் வண்டிய கொண்டுவந்து இந்தப் பாதையில பனியத் தள்ளு.”

“அதச் சொல்லத்தான் நடந்து வந்தேன். பிளேடத் தூக்குற எண்ணெய்க் குழாய் வெடிச்சிருச்சு. சர்ச் வாசல்ல பாதியில நிக்குது வண்டி. உனக்குத்தான் டிராக்டர் இருக்கே?”

“முதல் கியர் போட்டா பின்னால போகுது.”

 வெண்டெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அடிப்பாவி! கிரவுன் வீல திருப்பி மாட்டிட்டியா? பின்னால மூணு கியரு, முன்னால ஒண்ணு! கண்காட்சியில உக்காந்து ஊர்ல இருக்கிறவன் எல்லாரையும் கிண்டல் பண்ணுவியே, இப்ப நீயே பண்ணிட்டியே!”

“சிரிச்சு முடிச்சிட்டியா? பிரிச்சு மாட்ட ஒரு நாள் ஆகும். மத்தியானம் அவன் வந்துருவான்.”

அவள் முகத்தைப் பார்த்ததும் வெண்டெலின் சிரிப்பு அடங்கியது. “முன்னால போற அந்த ஒரு கியர்லயே தள்ளிப் பாரேன்.”

தள்ளிப் பார்த்தாள். அது வேகமான கியர், இழுவை இல்லாதது. வாசலிலேயே ஈரப் பனியில் முட்டி, என்ஜின் திணறி அணைந்துவிட்டது. மறுபடி கிளப்பினாள். மறுபடி அணைந்தது. மார்லிஸ் ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

பிறகு அப்படியே உட்கார்ந்து யோசித்தாள். இழுவை உள்ள கியர் பின்னால்தான் போகும் என்றால் போகட்டும். பிளேடு எதற்கு முன்னால் இருக்க வேண்டும்?

“வெண்டெல், பாதைக்குச் சரளை நெரவ பின்னால மாட்டுற பிளேடு சுவத்துல தொங்குது பார், அத எடு. மொகத்த வெளிப்பக்கமா திருப்பிப் பூட்டு.”

“கழுத்த ஒடிச்சுக்கிட்டே ஓட்டப் போறியா?”

“எதுக்கு? கண்ணாடி இருக்கு.”

பழைய பள்ளிப் பேருந்து ஒன்றை உடைத்தபோது அவள் கழற்றிக்கொண்டு வந்த இரண்டு நீளக் கண்ணாடிகள் மூலையில் கிடந்தன. வெண்டெல் முணுமுணுத்துக்கொண்டே இரும்புப் பட்டையை வளைத்து, அவற்றை டிராக்டரின் மூக்கில் இரண்டு பக்கமும் போல்ட் போட்டு இறுக்கினான். பார்க்கக் காது முளைத்த மாதிரி இருந்தது. மார்லிஸ் ஏறி, முதல் கியரைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்தபடி மெதுவாகக் கிளட்ச்சை விட்டாள். டிராக்டர் பின்னால் நகர்ந்தது. அதன் எடை முழுவதும் சங்கிலி போட்ட சக்கரத்தின் மேல் இறங்க, பனி சுருண்டு ஓரமாய் ஒதுங்கியது.

“போகுதுடி!” என்று வெண்டெல் கத்தினான். “போகுது!”

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, முட்டுச் சந்துகளில் நீளப் பேருந்தைப் பின்னால் எடுத்தே பழகியவளுக்கு இது பெரிய வித்தையா? போனாள், வந்தாள், மறுபடி போனாள். பாதையின் வாயில் இருந்த பனிச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரும்பு கடிப்பதுபோலக் கடித்துத் தின்றாள். வெண்டெல் மண்வாரியோடு ஓரங்களை வெட்டிக்கொடுத்தான். வியர்வையில் அவள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசித் துண்டைச் சாலைக்கு அந்தப்பக்கம் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது, வளைவில் வெள்ளை வேனின் விளக்கு தெரிந்தது.

வேன் ஒரு இடத்திலும் தயங்காமல் வாசல்வரை வந்து நின்றது.  டிரைவர் நார்பர்ட்டை நாற்காலியோடு இறக்கினார். கம்பளிக்குள்ளிருந்து அவன் முகம் மட்டும் தெரிந்தது, அதே மரியாதையான முகம். மார்லிஸ் கிட்டே போய் அவன் தொப்பியைச் சரிசெய்தாள். அவன் “ம்” என்றான்.

“அம்மா, டிராக்டர கொஞ்சம் ஒதுக்கினீங்கன்னா நான் வண்டியத் திருப்பிக்குவேன்,” என்றார் டிரைவர்.

அவள் ஓடிப்போய் ஏறினாள். நார்பர்ட் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் கை பழக்கத்தில் முதல் கியருக்குத் தள்ளியது. டிராக்டர் பின்னால் போனது.

நார்பர்ட்டின் இடது கை கம்பளியை விலக்கிக்கொண்டு மேலே வந்தது. விரல் டிராக்டரின் பின் அச்சைக் காட்டியது. வாய் கோணி, தாடை நடுங்கி, தொண்டைக்குள் எதையோ இழுத்து இழுத்துப் பார்த்தான். வெண்டெல் சிரிப்பை விழுங்கிக்கொண்டு மண்வாரியைக் கீழே வைத்தான்.

“கிர... கிரவுன,” என்றான் நார்பர்ட். “திருப்பி... மாட்டிருக்க.”

மார்லிஸ் என்ஜினைக்கூட நிறுத்தாமல் குதித்து இறங்கி வந்து அவன் முன்னால் பனியிலேயே மண்டியிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் மூக்கு ஒழுகியது. இவன்தான். இத்தனை நாளும் உள்ளே இவன்தான் இருந்திருக்கிறான்.

“ஆமாய்யா, திருப்பித்தான் மாட்டிட்டேன்! என்ன பண்ணப் போற? திட்டு. நல்லா திட்டு என்னைய!”

நார்பர்ட் அவளை நன்றாகப் பார்த்தான். கண்ணில் அந்த மரியாதை துளியும் இல்லை.

“மடச்சி,” என்றான். அந்த ஒரு வார்த்தை தடங்கல் இல்லாமல் வந்தது.