வட்டிலப்பத்தில் உப்பு

என் மூத்த மகளின் கலியாணத்தில் இனிக்க வேண்டிய வட்டிலப்பம் உப்புக் கரித்தது. வேறு எந்த வீட்டில் நடந்திருந்தாலும் ஒரு வாரத்தில் மறந்து போயிருப்பார்கள். ஆனால் கற்பிட்டி றோட்டில் எங்கள் பக்கத்துக் கலியாணங்களுக்கெல்லாம் வட்டிலப்பம் அவித்துக் கொடுத்தவள் நான். மாப்பிள்ளை வீட்டார் யுத்தம் முடிந்த பிறகு மன்னார்ப் பக்கம் திரும்பிப் போய்க் குடியேறியவர்கள். அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பெண்ணின் உம்மாவின் கைப்பக்குவத்தைப் பற்றி அவர்கள் காதிலும் விழுந்திருந்தது.

முதல் நாள் பின்னேரம்தான் அவித்தோம். கருப்பட்டியைத் தேங்காய்ப் பாலில் கரைத்து ருசி பார்த்தேன், சரியாக இருந்தது. முட்டையை அடித்து ஊற்றிய பிறகு யாரும் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. பச்சை முட்டை மணக்கும். ஒரு நுள்ளு உப்புப் போட்டேன். அஸர் தொழுதுவிட்டு வருகிறேன், அதுவரை கிண்டிக்கொண்டிரு என்று அகப்பையை என் சினேகிதியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

அவள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தவள், என்னைவிடக் கொஞ்சம் இளையவள். நான் சமைக்கும் இடமெல்லாம் அவள்தான் தேங்காய் துருவுவாள், பால் பிழிவாள், பானையைத் துணியால் கட்டி மூடுவாள். என் பிள்ளைகள் அவளைச் சின்னம்மா முறையில் சாச்சி என்று கூப்பிட்டார்கள்.

மறுநாள் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒரு வாய் எடுத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மெதுவாகக் கோப்பைகளைத் தள்ளி வைத்தார்கள். நான் அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் சினேகிதி பின்னாலேயே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கடைக்காரன் பழைய கருப்பட்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்று வந்தவர்களிடமெல்லாம் எனக்காகப் பேசினாள். அன்றைக்கு அவள் இல்லையென்றால் நான் உடைந்து போயிருப்பேன் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

மகளின் மாமியார் கெட்டவர் இல்லை, ஆனால் நாக்கு நீளம். பெருநாள் வந்தால், விருந்தாளி வந்தால், 'உங்கட உம்மாட கையால செஞ்ச மாதிரி வராதுதான்' என்று சிரித்துக்கொண்டே வட்டிலப்பத்தை நீட்டுவாராம். மகள் என்னிடம் இதை வெகு காலம் சொல்லவில்லை. சொன்ன அன்று நான் அழுதேன். அதற்கு முன்பே ஊருக்கு அவித்துக் கொடுப்பதை விட்டுவிட்டேன். கேட்டு வந்தவர்களை என் சினேகிதியிடம் அனுப்பினேன். அவளும் நன்றாகத்தான் செய்தாள்.

கொரோனாக் காலத்தில் ஊரடங்கைத் தளர்த்தி பஸ் ஓடத் தொடங்கியிருந்த ஒரு நாள், புத்தளத்துக்குப் போய்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினேன். வாய் நிறையப் பஞ்சு, அதன் மேல் மாஸ்க், உடம்புக்குக் கறுப்பு ஹபாயா. பஸ்ஸில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் இருந்தார்கள். கொஞ்சத்தில் என் சினேகிதி ஒரு இளம் பெண்ணோடு ஏறி, எனக்கு முன் சீற்றில் உட்கார்ந்தாள். அவளுடைய நடை எனக்குத் தெரியும். தோளில் தட்டலாம் என்று கையை எடுத்தேன். பேச முடியாதே என்று திரும்ப மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த இளம் பெண் தன் மாமியார் படுத்தும் பாட்டைச் சொல்லிக்கொண்டு வந்தாள். பாலாவியைத் தாண்டிய பிறகு என் சினேகிதி சொன்னாள்.

"உடனே வாய் குடுக்கப்படாது மகள். பொறுத்து இரிக்கணும். எங்கட ஊர்ல ஒருத்தி இருந்தா. தன்ட வட்டிலப்பத்துக்கு மேல ஒண்டுமில்ல எண்டு நெனப்பு. எண்ட மகன்ட சுன்னத்துக்கு நான் செஞ்சத ஒரு வாய் எடுத்துப்போட்டு, சனத்துக்கு முன்னால துப்பினா. நான் ஒண்டும் பேசல்ல. சிரிச்சேன். அவட மகள்ட கலியாணம் வந்திச்சி. அவ தொழப் போன நேரம் பாத்து, கையால அள்ளி உப்பப் போட்டேன்."

"அவக்குத் தெரியாதா?"

"இண்டைக்கும் தெரியா. எனக்கு நன்றி சொல்லிக்கிட்டுத் திரியிறா."

அந்தப் பெண் சிரித்தாள். கதை இன்னும் நீண்டது. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடாமல் எழும்பிப் போனார்களாம். நான் மண்ணில் விழுந்து புரண்டு அழுதேனாம். இரண்டும் நடக்கவில்லை. சுன்னத்துக் கலியாணத்தில் நான் துப்பவும் இல்லை. நான் அங்கே போகவே இல்லை. என் கணவர் அன்று நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார், நான் பக்கத்தில் இருந்தேன். எனக்கென்று ஒரு பங்கு வட்டிலப்பத்தை டப்பாவில் போட்டு வார்டுக்குக் கொண்டுவந்து தந்ததே அவள்தான். அதை நான் வழித்துச் சாப்பிட்டேன். நல்லாயிருக்கு என்று சொன்னேன்.

எங்கள் இறக்கத்தில் அவள் இறங்கினாள். என்னால் எழும்ப முடியவில்லை. பஸ் கற்பிட்டி வரை போனது, அங்கிருந்து ஒரு ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தேன். வீட்டில் பல் வலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

கன்னத்து வீக்கம் வற்றிய பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனவளை நிறுத்தி, பஸ்ஸில் அவள் சொன்னதைக் கேட்டேன் என்றேன். அவள் கையில் கேத்தலோடு அப்படியே நின்றாள்.

"நான் போடல்ல ராத்தா," என்றாள். "அல்லாஹ் மேல ஆணையா நான் போடல்ல. அந்தப் புள்ள மாமிட கையில படுற பாடு. அவளுக்கு ஒரு தெம்பு வரட்டும் எண்டு சொன்ன கதை."

அந்தப் பெண்ணிடம்தான் முதலில் சொன்னாயா என்று கேட்டேன். அவள் கேத்தலைக் கீழே வைத்தாள். இல்லை, முன்னேயும் சொல்லியிருக்கிறேன் என்றாள். எத்தனை பேருக்கு என்று நான் கேட்கவில்லை. துப்பினேன் என்று ஏன் சொன்னாய் என்றதற்கு, கதைக்கு ஏதாவது ஒரு காரணம் வேணுமே என்றாள்.

"அப்ப உப்பு எங்கயிருந்து வந்திச்சி?"

அவள் தரையைப் பார்த்தாள். "நீங்கதான் ராத்தா. தொழுதிட்டு வந்து மறுபடி போட்டீங்க. முந்திப் போட்டத மறந்து, ஒரு கை நெறய. மகள் போறாளே எண்ட யோசனையில இருந்தீங்க."

"நீ கண்டியா?"

"கண்டேன்."

"கண்டும் சும்மா இருந்தியா?"

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. அவள் திரும்பிப் போய் அதை இறக்கி வைத்தாள், பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. நான் எழும்பி வந்துவிட்டேன்.

அவள் சொன்ன இரண்டில் எது உண்மை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்று தொழுதுவிட்டு வந்து நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தால் மகளின் மருதோன்றிக் கை ஞாபகம் வருகிறது, சட்டி ஞாபகம் வரவில்லை. ஆனால் உப்பை அவள் போட்டிருந்தாலும், நான் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாலும், அடுத்த நாள் அடுப்படியில் என்னைக் கட்டிக்கொண்ட கை ஒன்றுதான். அந்த அணைப்பை நினைக்கும்போதுதான் எனக்கு உடம்பு கூசுகிறது. உப்பைக்கூட மன்னித்திருப்பேன்.

இப்போது யாராவது இறந்த மௌத்து வீடுகளில் சந்தித்தால் சலாம் சொல்லிக்கொள்கிறோம். பெருநாளைக்கு அவள் அனுப்பும் பலகாரத்தை வாங்கிக்கொள்கிறேன், கோப்பையை வேறு யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். இல்லாத பழியை நான் அவள் தலையில் போட்டேன் என்று அவள் சொல்லித் திரிவதாகவும் கேள்வி.

மகளுக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னேன், சினேகிதியின் இரண்டு பேச்சையும் சொன்னேன். மகள் தன் மாமியாரிடம் ஒன்றை மட்டும்தான் சொல்லியிருக்கிறாள், சாச்சிதான் போட்டாள் என்பதை. மாமியார் கண் கலங்கிப் போனாராம். எனக்குக் கோல் எடுத்து, தெரியாமல் இத்தனை நாள் பகிடி பண்ணிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அடுத்த முறை வரும்போது என் கையால் வட்டிலப்பம் வேண்டும் என்றும் கேட்டார்.

நான் ஓம், அவித்துத் தருகிறேன் என்றேன். அவர் நம்பியதை நான் திருத்தவில்லை.