எல்லாருக்கும் ஒரே விலை

2006-ஆம் வருடம், உப்பு வாருகிற கோடைக்காலம். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். வயிற்றுக்குப் போர்டு, ஆசைக்குப் படம். உப்பளத்தை வரைந்து வாசலில் சாத்தி வைப்பேன். பாண்டிச்சேரிக்குக் காரில் போகிறவர்கள் எப்போதாவது நிறுத்திப் பார்ப்பார்கள்.

விலை கேட்டால் மட்டும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்பா, அம்மா இரண்டு பேரும் உப்பளத்தில் கூலி. அங்கே லாரியோடு வருகிற வியாபாரிதான் விலை சொல்வார், வாரிப் போட்டவர்களை யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கமோ என்னமோ, "பாத்துக் குடுங்க" என்பதைத் தவிர எனக்கு வேறு பேச்சு வராது. அப்படிச் சொல்லியே ஒருவரிடம் மூன்று படங்களை ஐந்நூறு ரூபாய்க்குப் பறிகொடுத்தேன். ஃபிரேம் போட்ட காசுகூடத் தேறவில்லை.

பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு பெண் வேலை பார்த்தாள். பிரம்மதேசத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளுடைய அம்மாவும் உப்பளத் தொழிலாளிதான், அங்கே பார்த்திருக்கிறேன். கரண்ட் போனால் போதும், என் கொட்டகைக்கு வந்து குறை சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னாங்க ஆர்ட்டிஸ்ட்டு, உப்பு இவ்ளோ வெள்ளையாவா இருக்குது? அழுக்கு எங்க?"

அவள் சொன்ன பிறகுதான் என் உப்பில் கொஞ்சம் சாம்பல் நிறம் சேர்ந்தது. அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதை அவளிடம் சொன்னதில்லை. அவளுக்கே தெரிந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் பெரிதாக ஒரு படம் வரைந்தேன். தலையில் கூடையோடு வரப்பில் நடக்கிற பெண், புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை. "எங்கம்மா சட்டையில மூணாவது பட்டன் இருக்காது, ஊக்குதான் குத்தியிருக்கும்" என்றாள். ஊக்கு வரைந்தேன். முடித்துப் பார்த்தால் அச்சு அசலாக அவளுடைய அம்மா.

அந்தச் சமயம்தான் பாண்டிச்சேரியில் படம் விற்கிற கடைக்காரர் ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். துணி, பெயிண்ட், ஃபிரேம் செலவைக் கூட்டு, எத்தனை நாள் வேலையோ அத்தனை நாள் கூலி போடு, அதற்கு மேல் உன் கைக்கு ஒரு மதிப்பு வை என்றார். முக்கியமாக ஒன்று சொன்னார்: "தெரிஞ்சவன், தெரியாதவன்னு பாக்காதப்பா. எல்லாருக்கும் ஒரே விலை. எறங்குனா உன் படத்துக்கு வெலையே இல்லன்னு ஆயிடும்."

எனக்குப் புதுசாக முதுகெலும்பு முளைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கே பெரிய படத்துக்குப் பின்னால் 2,500 என்று எழுதிச் சீட்டு ஒட்டினேன்.

ஒரு வாரம் கழித்து, மத்தியான வேளையில் அவள் வந்தாள். வழக்கமான கிண்டல் இல்லை. அந்தப் படத்தையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது எவ்ளோங்க?" என்றாள்.

என் வாழ்க்கையில் முதல் தடவையாகத் திக்காமல் விலை சொன்னேன். "ரெண்டாயிரத்து ஐந்நூறு."

அவள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "எனக்குமா?"

"எல்லாருக்கும் ஒரே விலைங்க. தொழில்ல அப்படித்தான் இருக்கணும்."

"கரெக்ட்டுதாங்க" என்று தலையாட்டிவிட்டுப் போனாள். கூச்சம் விட்டுப் போன பெருமையில் நான் அன்று ஒரு டீ கூடுதலாகக் குடித்தேன். மடையன்!

மறுநாள் அவள் வரவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர்தான் சொன்னார், "அதுக்குக் கல்யாணம் முடிவாயிடுச்சுப்பா. மாப்பிள்ளைக்கு ஓசூர் பக்கம் வேலையாம். நேத்தோட வேலைய விட்டு நின்னுடுச்சு." கையிலிருந்த பிரஷ் காயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் விலைக்கு வாங்க வரவில்லை, தன் அம்மா படத்தை உரிமையோடு கேட்க வந்திருக்கிறாள். படத்தை மட்டும்தான் கேட்டாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கிளியனூரில் கல்யாணம். படத்தை நியூஸ் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். மண்டப வாசலில் பட்டுப்புடவையில் பன்னீர் தெளித்துக்கொண்டு அவளுடைய அம்மா! ஊக்கு குத்திய சட்டையோடு இவரை மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பிரித்துக் காட்டவா?

"வாப்பா, சாப்ட்டுட்டுதான் போவணும். கையில இன்னாது?"

"போர்டும்மா. டெலிவரி குடுக்கணும்" என்றேன். சாப்பிடாமல், மேடை ஏறாமல், அடுத்த பஸ்ஸில் அதே படத்தோடு திரும்பிவிட்டேன்.

இன்று எனக்கும் மனைவி, பிள்ளைகள் இருக்கிறார்கள். படங்களுக்கு நானே விலை வைத்து விற்கிறேன். கடைக்காரர் சொன்னதில் தப்பே இல்லை, அதனால்தான் பிழைக்கிறேன். அந்தப் பெரிய படம் மட்டும் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பலர் கேட்டும் கொடுக்கவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்க இறக்கும்போது பின்னால் அந்தச் சீட்டு கண்ணில் படும், "எனக்குமா?" என்று அவள் கேட்பது காதில் விழும், "உங்களுக்குப் போய் விலையா?" என்று அன்றைக்கு வராத பதிலை நான் ஒவ்வொரு வருடமும் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.