திருகாணி மேலே இருந்ததால் வந்த வினை

அதிகம் படிக்காத நான் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ராயபுரத்தில் ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறேன். ஊதும் முனையில் ரீடை, அதாவது ஒலி எழுப்பும் மெல்லிய நாணல் பட்டையை, இறுக்கிப் பிடிக்க ஓர் உலோக வளையம் உண்டு. என் பழைய வளையத்தில் திருகாணிகள் அடிப்பக்கம் இருக்கும். கப்பலில் வேலை செய்யும் நண்பர் கொண்டுவந்து தந்த புது வளையத்தில் அவை மேல்பக்கம். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு வாசித்துப் பார்த்தேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் கீது" என்றாள் மனைவி. எனக்கென்னவோ புதியதில் மெல்லிய சுரங்கள் சுலபமாக எழும்பின. அதையே மாட்டிக்கொண்டு ஒரு மாதா கோயில் கல்யாணத்துக்குப் போனேன்.

வாசற்படியில் நின்று வாசித்தபோது, மணப்பெண் தலையில் போட்டிருந்த வெள்ளை வலைத்துணி கடல்காற்றில் பறந்து வந்து, என் திருகாணிகளில் சிக்கிக்கொண்டது. இழுத்தால் கிழியும், அதுவோ இரவல் துணி. திருகாணியைக் கழற்றினால் ரீடு விழுந்துவிடும். பெண் பீடத்தை அடையும்வரை வாசிப்பை நிறுத்தக் கூடாதென்பது எங்கள் பேண்டு மாஸ்டரின் சட்டம். மற்றவர்கள் படியிலேயே நிற்க, நான் மட்டும் வாசித்துக்கொண்டே பெண்ணின் பின்னால் நடந்தேன்.

"இன்னா நைனா, மாப்ள வூட்டுக்கும் கூடவே வருவியா?" என்று பெண்ணின் அத்தை கேட்க, கோயிலே சிரித்தது. பீடத்தருகே அந்த அம்மாளே துணியை நூல் பிரியாமல் எடுத்துவிட்டார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் உட்கார்ந்து வாசிக்கும் இடத்தில்தான் புது வளையம். நின்றாலும் நடந்தாலும் பழையதுதான்.

கல்யாணத்துக்கு மறுநாளே காசிமேட்டில் ஒரு சாவு ஊர்வலத்தில், பழைய வளையத்தை மாட்டிக்கொண்டு நடந்தே வாசித்தேன். அன்று காற்றே இல்லை.